அப்பாவை நாகைக் கடலோரத்துக்கு அழைத்துப் போகும் முன்: சிங்கப்பூர்க் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு ஊர் என்றால் தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரை வரை நீளும் கடலோரம்தான். நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் எல்லாம் அதற்குள் அடக்கம். ரஜூலா கப்பலிலும் அதற்குப் பின் எம்.வி. சிதம்பரத்திலும் நாகையிலிருந்து ஏறி வந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது ஆகிறது. நடமாட முடிகிறபோதே அவர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போய்விட வேண்டும் என்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நினைக்கிறார்கள். நினைப்பதோடு நில்லாமல் செய்தும் விடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

ஆனால் இப்படிப் போகும் பயணங்களில் பாதிக்கு மேல் யாருக்காகக் கிளம்பினோமோ அவருக்கு ஒன்றுமே மிஞ்சுவதில்லை. ஐந்து நாளில் ஒன்பது கோயில், இரண்டு கல்யாண வீடு, கும்பகோணத்தில் பாத்திரக் கடை, தஞ்சாவூரில் ஜவுளிக் கடை என்று சுற்றி, அவர் பிறந்த கடற்கரைக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். காரிலிருந்து இறங்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எந்த இடத்துக்காகப் போகிறோமோ அந்த இடத்துக்கு முதலில் இரண்டு முழுக் காலைப்பொழுதுகளை ஒதுக்குங்கள். மற்றவை மிச்சமுள்ள நேரத்தில் நடந்தால் நடக்கட்டும்.

எந்தக் கடற்கரை என்று கேட்காமலே டிக்கெட் போடுவது

பெரியவர்கள் பலர் இன்னமும் "தஞ்சாவூர் ஜில்லா" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழைய ஜில்லாவிலிருந்து 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. 1997இல் திருவாரூரும் 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்கள் ஆயின. தரங்கம்பாடி இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. கூகல் வரைபடத்தில் பழைய முகவரியை அப்படியே தட்டினால் அதே பெயருள்ள வேறு ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

அதோடு, பெரிய ஊரின் பெயரைச் சொல்லிச் சின்ன ஊரைக் குறிப்பது அவர்கள் வழக்கம். "நாகப்பட்டினம்" என்று சொல்பவர் மனசில் இருப்பது அக்கரைப்பேட்டையாக இருக்கலாம், கீச்சாங்குப்பமாக இருக்கலாம், நம்பியார் நகராகவும் இருக்கலாம். வேதாரண்யம் என்பவர் ஆறுகாட்டுத்துறையையோ புஷ்பவனத்தையோ சொல்லிக்கொண்டிருப்பார். கோடியக்காடும் கோடியக்கரையும் அடுத்தடுத்த இரண்டு ஊர்கள். ஒன்று காட்டோரம், மற்றது கடலோரம். ஆகவே "எந்த ஊர்ப்பா?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். வீட்டு வாசலில் நின்றால் எதிரே என்ன தெரியும், குளிக்க எந்தக் குளத்துக்குப் போனீர்கள், பக்கத்தில் எந்தக் கோயில், எந்தப் பள்ளிவாசல், எந்த மாதா கோயில், உப்பளம் எந்தப் பக்கம், பள்ளிக்கூடம் போக வாய்க்காலைத் தாண்ட வேண்டுமா என்று கேளுங்கள். தெருப்பெயர் மாறியிருக்கும், குளமும் கோயிலும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று முக்கியம். 2004 டிசம்பர் 26 சுனாமி தமிழ்நாட்டில் மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது நாகை மாவட்டத்தில்தான். அதற்குப் பிறகு கரையோரக் குப்பங்களில் இருந்த பலருக்குக் கடலைவிட்டுத் தள்ளிப் புதுக் குடியிருப்புகள் கட்டிக் கொடுத்தார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் வேதாரண்யம் பக்கத்துத் தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் சாய்த்துப் போட்டது. அறுபதுகளில் ஊரைவிட்டு வந்தவர் நினைவில் வைத்திருக்கும் தெரு இன்று வெறும் மணலாக இருக்கக்கூடும். இதை அங்கே போய் நின்றபின் தெரிந்துகொள்வது எண்பது வயதுக்காரருக்குப் பெரிய அடி. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, ஊரில் இருக்கும் உறவுக்காரர் யாரையாவது கைப்பேசியோடு அந்தத் தெருவில் நடக்கச் சொல்லி வீடியோ அழைப்பில் காட்டுங்கள். "இங்கதான் முத்துமாரி கோயில் இருந்துச்சு" என்று அவர் அடையாளம் சொல்லத் தொடங்குவார். எது இருக்கிறது, எது போய்விட்டது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே மனம் பழகிவிடும். அவர் சொல்வது தவறாக இருந்தால் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். மறதி நோய் உள்ளவரென்றால் இந்தத் தயாரிப்பு இன்னும் அவசியம்.

சொத்துப் பேச்சை இந்தப் பயணத்தில் நுழைப்பது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஐம்பது வருடமாக வராத சிங்கப்பூர்க்காரர் மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார் என்றால், "பங்கு கேட்க வந்திருக்காங்க" என்றுதான் ஊரில் முதலில் பேச்சு கிளம்பும். அந்த நிலத்தை உழுது, அந்த வீட்டுக்கு ஓடு மாற்றி, வரி கட்டி வந்தவர்கள் அவர்கள். பயம் வருவது இயல்பு. ஒருவர் பட்டா என்ற சொல்லை எடுத்தால்கூடப் போதும், அதுவரை மீன் குழம்பு வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்த வீட்டில் பேச்சு நின்றுவிடும். பெரியவர் அந்த இரு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்.

நிலம் பற்றி உண்மையிலேயே பேச வேண்டியிருந்தால் அதை வேறொரு முறை, பெரியவர் இல்லாமல், ஆவணங்களோடு போய்ப் பேசுங்கள். இம்முறை வருவது கடலையும் மனுசர்களையும் பார்க்க மட்டும்தான் என்று முன்கூட்டியே தொலைபேசியில் பெரியவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் நம்பமாட்டார்கள். அத்தையோ பெரியப்பாவோ தன் வாயால் சொன்னால் நம்புவார்கள்.

கொண்டுபோகும் சாமான் விஷயத்திலும் அளவு வேண்டும். கோடாலித் தைலம், மைலோ, சாக்லேட் என்று பெட்டியை நிரப்புவதில் தவறில்லை. ஒரு வீட்டுக்கு நிறையக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் குறைத்தால்தான் மனத்தாங்கல் வரும். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பொட்டலம் கட்டிவிடுங்கள்.

பள்ளி விடுமுறையை வைத்து நாள் குறிப்பது

சிங்கப்பூரில் நீண்ட பள்ளி விடுமுறை இரண்டு. இரண்டுமே இந்தக் கடலோரத்துக்குப் பொருந்தாதவை.

நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரையிலான ஆண்டிறுதி விடுமுறை வடகிழக்குப் பருவமழையின் நெஞ்சில் விழுகிறது. நாகைப் பக்கம் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான் கொட்டும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் கடற்கரைக்கே விடமாட்டார்கள். விடுதி அறையில் உட்கார்ந்து ஜன்னல் வழியே மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

ஜூன் விடுமுறையில் கத்திரி முடிந்தாலும் வெயில் தணியாது. போதாக்குறைக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகும் ஃபைபர் படகும் போகும், மீனும் வரும். ஆனால் வரத்துக் குறைவு, விலை அதிகம். வஞ்சிரமும் வாவலும் கூடைகூடையாய் இறங்கும் காட்சியை அப்பா மனசில் வைத்திருந்தால் அது ஜூன் முதல் பாதியில் கிடைக்காது.

செப்டம்பரின் ஒருவார விடுமுறை இன்னொரு வலை. ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் முடியும் வேளாங்கண்ணித் திருவிழாவோடு அது பெரும்பாலும் மோதும். திருவிழாவுக்கே போகிறவர்களுக்குச் சரி. அமைதியான கடலைத் தேடிப் போகிறவர்களுக்கு அந்தச் சமயம் நாகைப் பக்கம் அறையும் கிடைக்காது, கார் நகரவும் செய்யாது. நாகூர்க் கந்தூரி ஹிஜ்ரி மாதப்படி நடப்பதால் ஒவ்வொரு ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். அந்தந்த ஆண்டுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடி, தை அமாவாசை நாட்களில் பூம்புகாரிலும் வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் கடல் நீராட வரும் கூட்டம் கட்டுக்கடங்காது.

சிறந்த காலம் பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரை. மழை ஓய்ந்திருக்கும், காலையில் குளிர்ச்சி இருக்கும், கோடியக்கரைச் சதுப்பில் பூநாரைகளும் இருக்கும். சீனப் புத்தாண்டு விடுமுறையோடு வார இறுதியையும் சேர்த்து இரண்டு மூன்று நாள் விடுப்பு எடுத்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் முடியும். பேரப்பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டுமென்றால் மார்ச் மாத ஒருவார விடுமுறைதான் ஏற்றது. பகலில் சுடும், ஆனால் மழை கெடுக்காது.

திருச்சியில் இறங்கியதும் இரவோடு இரவாகக் கிளம்புவது

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறப்பு. அங்கே நேரம் இரண்டரை மணி பின்னால் இருப்பதால், திருச்சியில் இரவு பத்து என்றால் பெரியவர் உடம்புக்கு நள்ளிரவு தாண்டி அரை மணி. அதற்குமேல் 145 கிலோமீட்டர் காரில் உட்கார வைத்து நாகைக்குக் கொண்டுபோவது கொடுமை. தஞ்சாவூர் வரை சாலை அகலம். அதன்பின் குறுகும், வெளிச்சம் குறையும். தை, மாசியில் அறுவடைக் காலமென்பதால் பின்விளக்கில்லாத டிராக்டர்களும், சாலையிலேயே காயப்போட்ட நெல்லும் குறுக்கே வரும். முதல் இரவைத் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ கழித்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் பின் கிளம்புங்கள்.

எந்தப் பக்கம் போகிறோமோ அதற்கேற்ற வழியைத் தஞ்சாவூரிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். நாகை, நாகூர், வேளாங்கண்ணி என்றால் திருவாரூர் வழி. வேதாரண்யம், கோடியக்கரை என்றால் நாகை போய்த் திரும்ப வேண்டியதில்லை. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நேரே இறங்கிவிடலாம். தரங்கம்பாடி என்றால் கும்பகோணம், மயிலாடுதுறை. நாகூருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் காரைக்கால் இருக்கிறது. அது புதுச்சேரி ஆட்சிப்பகுதி. தமிழ்நாட்டு வாடகைக் கார் அதற்குள் போகப் பெர்மிட் வேண்டும் என்பதால் வண்டி பேசும்போதே "காரைக்கால் வழி போவோம்" என்று சொல்லிவிடுங்கள். பாதி வழியில் ஓட்டுநரோடு பேரம் பேசுவதைத் தவிர்க்கலாம்.

அறை எடுக்கும்போது "ஏசி இருக்கா" என்று மட்டும் கேட்பது போதாது. லிஃப்ட் உண்டா அல்லது தரைத்தளத்தில் அறை உண்டா, கழிப்பறை உட்காரும் கோப்பையா, குளியலறை வாசலில் படி எத்தனை உயரம் என்று கேட்டு, கைப்பேசியில் படம் அனுப்பச் சொல்லுங்கள். வேதாரண்யத்தில் விடுதிகள் குறைவு. வேளாங்கண்ணியில் நிறைய, அங்கே தங்கினால் நாகைக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர், வேதாரண்யத்துக்கு நாற்பதுக்குள். உறவுக்காரர் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று வற்புறுத்துவார்கள். பகலெல்லாம் அங்கேயே இருங்கள், சாப்பிடுங்கள், படுத்து எழுந்திருங்கள். இரவுக்கு மட்டும் விடுதி. முழங்கால் வலிக்காரர் இருட்டில் கொல்லைப்புறக் கழிப்பறைக்கு நடந்து விழுவதைவிட அந்தச் சின்ன மனத்தாங்கல் பரவாயில்லை.

தாள்கள், பணம்

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு இந்திய விசா தேவை. மின்விசாவுக்கு இந்திய அரசின் ஒரே இணையத்தளம் இந்தியன்விசாஆன்லைன் டாட் கவ் டாட் இன். தேடினால் அதற்கு மேலே வரும் தளங்கள் பல தனியார் நடத்துபவை. கட்டணம் பல மடங்கு. 30 நாள் சுற்றுலா மின்விசாவைப் பயணத்துக்கு 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். குறைந்தது நான்கு நாள் முன்னதாக முடித்திருக்க வேண்டும். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதம் செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். கடப்பிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ, "சன் ஆஃப்" உட்பட, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று விமான டிக்கெட்டையும் விசாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெற்றோர் பிறந்த ஊரையும் விண்ணப்பத்தில் கேட்பார்கள். அப்பாவிடம் முன்னாலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர்கள் புதுக் கடப்பிதழ் எடுத்திருந்தால் அதை இணையத்தில் பதிவேற்றியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

சக்கர நாற்காலி உதவியை விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகக் கேளுங்கள்.

பெரியவர்கள் பீரோவில் பழைய ரூபாய்த் தாள்கள் இருக்கும். 2016 நவம்பர் 8 இரவு செல்லாமல் போன 500, 1000 தாள்களைக் கடைக்காரர் திருப்பிக் கொடுக்கும்போது அவர்கள் முகம் வாடிவிடும். 2023இல் திரும்பப் பெறத் தொடங்கிய 2000 தாளையும் கடைகளில் வாங்கமாட்டார்கள். கிளம்பும் முன்பே பணப்பையைப் பார்த்து எடுத்துவிட்டு, புதுத் தாள்களாக மாற்றிக் கொடுங்கள். பேரன் பேத்திகளுக்குத் தன் கையால் நூறு ரூபாய் கொடுக்க அவருக்குப் பிடிக்கும். அங்கே டீக்கடை முதல் மீன்காரம்மா வரை கைப்பேசியில் பணம் வாங்கும் யூபிஐ வைத்திருந்தாலும் நம் கைப்பேசியில் அது எளிதாக வேலை செய்யாது. நூறு, இருநூறு தாள்கள் கைவசம் இருக்கட்டும். சிங்கப்பூர் வங்கி அட்டையை வெளிநாட்டில் பணம் எடுக்க முன்கூட்டியே திறந்துவிட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மருந்து, காப்புறுதி

சிங்கப்பூரின் மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும் மருத்துவச் சேமிப்பான மெடிசேவும் நாகப்பட்டினத்து மருத்துவமனைக் கட்டணத்துக்குக் கைகொடுக்காது. சாதாரணப் பயணக் காப்புறுதியோ ஏற்கெனவே உள்ள இதய நோய், நீரிழிவு போன்றவற்றை ஒதுக்கிவிடும். முன்பிருந்தே உள்ள நோய்களையும் சேர்க்கும் திட்டம் தனியாக உண்டு, விலை அதிகம். இந்த வயதில் அதை எடுப்பதே சரி. அவசரமென்றால் ஆம்புலன்ஸுக்கு 108ஐ அழையுங்கள். பெரிய சிகிச்சைக்குத் தஞ்சாவூரோ திருச்சியோ போக வேண்டியிருக்கும் என்று முதலிலேயே மனசில் வைத்துக்கொண்டு, எந்த மருத்துவமனை என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.

மருந்துகளைப் பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, அசல் உறையோடு, கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். இன்சுலினைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பக் கூடாது, உறைந்தால் வீணாகிவிடும். பலதுறை மருந்தகத்தில் மருந்துப் பட்டியல் ஒன்றை அச்சடித்து வாங்கிக்கொள்ளுங்கள். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் வாடும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வழியில் கழிப்பறை கிடைக்காதென்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுவது பெரியவர்களின் பழக்கம், அது ஆபத்து.

வயிறு கெட்டால் ஓஆர்எஸ் பொடி. அதில் பெரிய பாக்கெட்டை 1 லிட்டரிலும் சின்னதை 200 மில்லியிலும் கரைக்க வேண்டும். பெரிய பாக்கெட்டை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு அளவுக்கு மீறி ஏறிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு, ஊர்க்காரர்கள் அன்போடு வெட்டித் தரும் இளநீரும் ஆகாது, பொட்டாசியம் அதிகம். "டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு" என்று நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள். அவரால் மறுக்க முடியாது.

கடலில் இறங்கும்போது

இதுதான் பயணத்தின் மையம், தவறு நடந்தால் உயிரையே எடுப்பதும் இதுதான்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காக் கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வங்கக் கடலின் குணம் தெரியாது. இங்கே கடலைத் தூர்த்துக் கரையமைத்து, அலையை உடைக்கக் கல்லணையும் போட்டிருக்கிறார்கள். நாகைக் கரையில் அப்படியில்லை. சில அடி போனதும் தரை சரியும். திரும்பும் நீர் காலை வாரும். பெரியவருக்கோ சிறுவயதில் நீந்திய நம்பிக்கை இருக்கும். கால் நனைக்க மட்டும் என்று சொல்லி இறங்குவார்.

கணுக்கால் அளவுத் தண்ணீரில் நிற்கும்போது என்ன நடக்கிறதென்று கவனித்திருக்கிறீர்களா? அலை திரும்பும்போது குதிகாலுக்குக் கீழிருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும். இரண்டாவது அலைக்குக் குதிகால் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும், விரல்கள் மேடேறியிருக்கும். மூன்றாவது, நான்காவது அலையில் உடம்பு தானாகவே பின்னால் சாயும். இளையவர்கள் காலை மாற்றி வைப்பார்கள். எண்பது வயதுக்காரர் அப்படியே மல்லாந்து விழுவார். இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான். ஆகவே இருவர் இரு பக்கமும் நின்று, கையைப் பிடிக்காமல் அக்குளுக்குக் கீழே மேற்கையைப் பிடியுங்கள். மூன்று அலைக்கு ஒருமுறை ஓரடி நகர்ந்து புது மணலில் நிற்க வையுங்கள். முதுகைக் கடலுக்குக் காட்டிப் படத்துக்கு நிற்கச் சொல்லாதீர்கள். வேட்டியையும் சேலையையும் முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிவிடுங்கள். நனைந்த துணி ஆளை இழுக்கும்.

நேரம் காலை ஆறிலிருந்து எட்டு வரை. ஒன்பதரைக்கு மேல் மணல் சுடத் தொடங்கும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்கு அந்தச் சூடு தெரியாது. மீன்முள்ளோ கிளிஞ்சல் துண்டோ குத்தினாலும் தெரியாது. விடுதிக்கு வந்தபின் சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியவரும். வெறுங்காலில் விடாதீர்கள். பின்பக்கம் வார் உள்ள மெத்தென்ற செருப்பு போட்டு, திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, கைப்பேசி வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். வேதாரண்யேசுவரர் கோயில் கல்தளத்திலும் மதியத்தில் கால் வெந்துபோகும். பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

சக்கர நாற்காலி மணலில் பத்தடி போகாது, சின்னச் சக்கரம் புதைந்து முன்னால் கவிழும். சாலை முடியுமிடத்தில் நிறுத்திவிட்டு, உள்ளூர்ப் பையன்கள் இருவர் உதவியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போவதுதான் வழி. அந்த நாற்காலியின் நான்கு காலும் மணலில் இறங்காமல் இருக்க அடியில் ஒரு பலகை போடுங்கள். ஈரமணலுக்கு மேலே, காய்ந்த மணல் தொடங்கும் கோட்டில் வையுங்கள். படகுகள் கரையேறும் தடத்தில் வைக்காதீர்கள். வடத்தை இழுக்கும்போது விலகச் சொல்லி யாரும் காத்திருக்கமாட்டார்கள். எந்த இடம் சுத்தம், எந்த இடத்தில் நீரோட்டம் மோசம் என்பதை அங்கே வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவரிடம் கேளுங்கள். "அண்ணே, பெரியவரு இந்த ஊரு, கால் நனைக்கணும்ங்கறாரு, எங்க எறங்கலாம்?" என்று கேட்டால் அவரே கூட வந்து காட்டுவார். பல நேரம் இன்னாருடைய பேரன் என்று உறவும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தரங்கம்பாடியில் மாசிலாமணி நாதர் கோயிலை ஒட்டிய பாறைகள் பாசி பிடித்து வழுக்கும்; அங்கே இறங்க வேண்டாம், மேலிருந்தே பார்க்கலாம். 1306இல் எழுந்த கோயில் அது, கடல் அதன் ஒரு பகுதியை ஏற்கெனவே தின்றுவிட்டது. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குள் போக விரும்பினால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அருங்காட்சியகம் மூடியிருக்கும். கோடியக்கரையில் கரை தெற்கே திரும்பிப் பாக் நீரிணையைப் பார்க்கும். அந்தப் பக்கம் அலை குறைவு, ஆனால் சேறு. கால் இறங்கினால் எடுப்பது சிரமம்.

கோடியக்கரையும் டிரோனும்

கோடியக்கரைக் காடு வனத்துறையின் சரணாலயம். வெளிமான்களைப் பார்க்க வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு காலையிலோ மாலையிலோ போக வேண்டும். குரங்குகள் இருப்பதால் தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள். பழைய சோழர் கலங்கரை விளக்கத்தைத் தேடுவார் அப்பா. 2004 சுனாமியில் அது இடிந்துபோனது. கோடியக்கரை வரை ரயிலில் போன நினைவும் சிலருக்கு உண்டு. இப்போது திருத்துறைப்பூண்டியிலிருந்து அகல ரயில் பாதை அகஸ்தியம்பள்ளி வரை 2023இல் மறுபடி திறந்திருக்கிறது. 1930இல் ராஜாஜி தலைமையில் வந்தவர்கள் உப்பு அள்ளிய இடமும் அகஸ்தியம்பள்ளிதான், நினைவுத்தூண் இருக்கிறது. உட்கார்ந்தபடியே ஊரைப் பார்க்க அந்த ரயில் நல்ல வழி.

டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்தியாவுக்குள் கொண்டுவர 2022 முதல் தடை இருக்கிறது. கடற்படையும் கடலோரக் காவல்படையும் கண்காணிக்கும் கரை அது; அப்பாவோடு போன இடத்தில் காவல் நிலையத்தில் உட்கார வேண்டியதாகிவிடும்.

திரும்பக் கொண்டுவரக் கூடாதவை

வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பாட்டி, ஊர்ப் புகையிலையைப் பார்த்ததும் நாலு பொட்டலம் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார். மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர அனுமதியே இல்லை. வரி கட்டினாலும் விடமாட்டார்கள். கிளம்பும் நாள் காலையில் பையைப் பார்த்துவிடுங்கள். பிறந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வர வேண்டும் என்ற ஆசையையும் அனுமதியின்றி நிறைவேற்ற முடியாது. பவளம், கடற்குதிரை, சில வகைச் சங்குகள் ஆகியவற்றுக்கு இந்திய வனவிலங்குச் சட்டத்திலேயே தடை. வழியோரக் கடையில் விற்கிறார்களே என்று வாங்கிவிடாதீர்கள். கருவாடு கொண்டுவரலாம், சொந்த உபயோகத்துக்கான அளவில். நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, இரண்டு அடுக்கு உறையில் காற்றுப் புகாமல் கட்டி, துணிகளிலிருந்து தனியாக வையுங்கள்.

புது நகை, பட்டு என்று வாங்கியிருந்தால், 48 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தவருக்குப் பொருள், சேவை வரிச் சலுகை 500 வெள்ளி வரைதான். சாங்கி வருவதற்கு முன், வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், எஸ்ஜி வருகை அட்டையைக் குடிமக்களும் நிரப்ப வேண்டும். கட்டணமில்லை. அதற்கும் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரியவருக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மருத்துவரிடம் போய் "நாகப்பட்டினம் போயிட்டு வந்தோம்" என்று தேதியோடு சொல்லுங்கள். டைஃபாய்டு, டெங்கி, மலேரியா பரிசோதனைகளை அதை வைத்துத்தான் எழுதுவார்.